அன்று நான் அழவில்லை

டேய், இன்று காலை கிளினிக்கில் எடை மிசினில் ஏறி நின்றேன். நர்ஸ் மிஸ்ஸி புதுசு. நூற்றுப் பதினெட்டு கிலோ என்று மலாயில் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. என் கண் தானாக வாசல் பக்கம் போனது. நீ அங்கே இல்லை.

நீ இருந்தவரை அந்த எண் யார் காதிலும் விழுந்ததில்லை. "எனக்கும் பிரஷர் பாக்கணும் மச்சான்" என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் கூடவே வருவாய். நான் மிசினில் ஏறும் நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாய். அப்போதிருந்த தமிழ் மிஸ்ஸி வாயைத் திறக்குமுன், "மிஸ்ஸி, டோக்டர் வந்தாச்சா? லோரிய ரோட்டுல போட்டுட்டு வந்திருக்கேன்லா" என்று நச்சரிப்பாய். அவள் உன்னை முறைத்துக்கொண்டே பேசாமல் எழுதிவிடுவாள். அத்தனை தடவை வந்தும் ஒரு தடவைகூட நீ பிரஷர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. என் மானத்தைப் பற்றிய கவலையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படி நீ மறைத்தது எத்தனையோ. பிள்ளைகளோடு கோல சிலாங்கூர் குன்றில் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் எனக்கு நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்தது. நீ சட்டென்று நின்று, "நில்லு மச்சான், அந்தக் குரங்கு நம்ம பழைய தோட்டத்துக் கிராணி மாதிரியே இல்ல?" என்றாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மூச்சு திரும்பும்வரை எல்லாக் குரங்குக்கும் ஒரு பெயர் வைத்தாய். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, என் எடை தாங்கட்டும் என்று யாரும் கவனிக்குமுன் என் பக்கம் தள்ளிவிட்டுப் போவாய்.

ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டவர்களிடம் எல்லாம் நான் புகைமூட்டத்தைச் சொன்னேன். செம்பனை மில் புகை என்றேன், ரவாங் தொழிற்சாலைத் தூசி என்றேன். உடம்பை மட்டும் சொல்லவே இல்லை. இன்று டாக்டர் பெண் படம் போட்டே காட்டினாள். "அங்கிள், வயிறு கீழ இருந்து அமுக்குது, நுரையீரல் விரிய எடமில்ல. அந்தக் கொழுப்பே மூச்சுக் குழாய இன்னும் புண்ணாக்கும். வெயிட் கொறஞ்சா ஆஸ்துமா அடங்கும். அதுக்காக மருந்து இழுக்கிற பம்ப விட்டுடாதீங்க." எனக்குத் தெரியாத கதையா? மூச்சு முட்டுகிறது என்று நடக்கமாட்டேன், நடக்காததால் இன்னும் பெருப்பேன், பெருத்ததால் இன்னும் முட்டும். நடுவில் இழுப்புக்கு மாத்திரை கொடுத்தால் அகோரமாகப் பசிக்கும். பள்ளிப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

நீ போன நாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒல்லிக்குச்சி நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லோரியிலேயே சாய்ந்துவிட்டாய். "நான் போனா பெட்டிய முன்னால நீதான் பிடிக்கணும்" என்று எப்போதோ விளையாட்டாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தாயில் உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்ததால் வேன் சந்துமுனையில் நின்றது. அதுவரை பெட்டியைத் தூக்கிப் போகவேண்டும். முன்பக்கம் தோள் கொடுத்தேன். மொட்டை வெயில், சாம்பிராணிப் புகை. பம்ப் காரில் கிடந்தது. ஜிப்பா பையில் துருத்திக்கொண்டு தெரியுமே என்று வைத்துவிட்டு வந்திருந்தேன். கூடாரத்தைத் தாண்டவில்லை, மூச்சு அடைத்துவிட்டது. பெட்டி என் பக்கம் சரிந்தது. யாரோ பாய்ந்து வந்து தோள் கொடுக்க, நான் விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேன்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரி கூட்டத்துக்கே கேட்கும்படி, "அண்ணே, இப்படி அழாதீங்கண்ணே, அவரு தாங்கமாட்டாரு" என்று கதறினாள். பெண்களெல்லாம் என்னைப் பார்த்து அழுதார்கள். "இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கெடைப்பான்" என்று ஒரு பெரியவர் என் முதுகைத் தடவினார். டேய், சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உன்னை நினைக்கக்கூட இல்லை. காற்று, காற்று என்று மட்டும்தான் நினைத்தேன். அழுகை என்று அவர்கள் எடுத்துக்கொண்டதை மறுக்காமல், தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். நீ சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது காரில் உட்கார்ந்து பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உனக்கு வருசத் திதி. படையல் முடிந்து எல்லாரும் போனபின், சோறு போட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அன்னிக்கு நான் அழல. மூச்சுதான் முட்டுச்சு."

கரண்டியைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. "தெரியும்ணே. அவனுக்கு இழுப்பு வந்தா ஏதாச்சும் சொல்லி நாலு பேரு கண்ணத் திருப்பிவிடுன்னு அவரு சொல்லுவாரு. அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் தோணல."

தாலி கட்டியவனை அனுப்பிவைக்கிற நேரத்தில் அவள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அழுதது அப்போதுதான். வெட்கத்தில் அழுதது எது, உனக்காக அழுதது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று வரிசையில் பக்கத்தில் இருந்தவர், "என்னண்ணே இப்படி மூச்சு வாங்குது?" என்றார். புகைமூட்டம் நாக்கு நுனிவரை வந்தது. "ஆஸ்துமா. ஒடம்பும் அதிகம். ரெண்டும் சேந்து அமுக்குது" என்றேன். முகம் எரிந்தது. அவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். பம்ப் சட்டைப் பையில் துருத்திக்கொண்டுதான் இருந்தது. பிரஷரும் பார்த்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரிக்கும் இந்த ஒரு வருசத்தில் உடம்பு போட்டுவிட்டது. படி ஏறினால் இரைக்கிறதாம். "கிளினிக் போகத்தான் வெக்கமா இருக்குண்ணே, எட போடுவாங்களே" என்றாள். வெள்ளிக்கிழமை நான் கூட்டிப் போகிறேன். அவள் மிசினில் ஏறும்போது பின்னால் நான் நிற்பேன். மறைப்பதற்கு உன்னைவிட எனக்கு உடம்பு அதிகமாகவே இருக்கிறது.