மணி இல்லாத சேரி

மழை அளவறிந்து பெய்க. மதகு மனிதர் சொல் கேட்க. ஏழேரி நாட்டின் நீருக்கும் நெல்லுக்கும் உடையவரும், தாகமென்று வந்தவரைத் திருப்பி அனுப்பாத குலத்தில் பிறந்தவரும், எல்லைச் சமாதானம் பேசும் பொருட்டு மேற்குமலை அரணில் எழுந்தருளியிருப்பவருமான அரசியார் ஆதன்கோதை மாதேவியாரின் திருவடிகளுக்கு, பேரேரியின் கிழக்கு மதகைக் காக்கும் வயிரன், கல்சுமந்தார் சேரிக்காரன், தலை தாழ்த்தி எழுதும் ஓலை.

தங்கள் அரணும், அரணைச் சூழ்ந்த காடும், தங்களோடு சென்றவர்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இன்னும் பல வாழ்த்துகள் முன்னால் வரவேண்டும் என்று அறிவேன். அவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, பொறுத்தருள்க. ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது.

அமைச்சர்கள் இருக்க, மதகுக்காரன் ஏன் ஓலை எழுதுகிறான் என்று தாங்கள் கேட்கலாம். அமைச்சர்கள் எல்லோரும் ஆட்டக்கூடத்தில் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது, இனி எழுத ஒன்றுமில்லை என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தீர்ப்பின்படி பேரேரியின் நீர், மட்டம் காட்டும் செங்கல் வரம்பின் தலையைத் தொட்டவுடன் கிழக்கு மதகின் பலகைகளை நான் தூக்க வேண்டும். தூக்கினால் நீர் போய் விழும் இடம் எங்கள் சேரி. எங்களுக்குத் தெற்கே ஆறு கரை மீறிப் போகிறது. கிழக்கே இடுப்பளவு சேறு. ஏறி நிற்க ஏரிக்கரை ஒன்றுதான் உண்டு. வெள்ளக்காலத்தில் கரைமேல் யாரும் ஏறக்கூடாது என்பது சட்டம், ஏறினால் கரை இளகும் என்பதால். காவலர்கள் ஈட்டியோடு நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இடப்பட்ட ஆணை அது.

கணிப்பொறியின் சங்கதி தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கள் தந்தையார் காலத்தில் கட்டியது. ஆனாலும் நடந்ததை முறையாகச் சொன்னால்தான் தீர்ப்பு எங்கே பிசகியது என்று விளங்கும். கூடத்தின் நடுவே நாட்டின் ஏரி, ஆறு, ஊர், தோப்பு எல்லாம் மரப்பரப்பில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே பற்சக்கரங்களும் உருளைகளும். ஆடுபவர் ஒரு மதகைத் திறந்தால் உருளைகள் சுழன்று நீர் எங்கெங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லும். ஒவ்வோர் ஊருக்கும் தோப்புக்கும் ஒரு மரப்பொம்மை, பொம்மைக்கு அடியில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மணி. ஊர் மூழ்கினால் பொம்மை குழிக்குள் விழும், மணி ஒலிக்கும். யார் ஆட்டத்தில் மணி குறைவாக ஒலிக்கிறதோ அவரே வென்றவர். மாணாக்கர் அங்கே விளையாடித்தான் நீர்நூல் கற்கிறார்கள். மதகதிகாரிகள் அங்கே தோற்றுத் தோற்றுத்தான் பழகுகிறார்கள். புதுக் கரை எங்கே போடலாம் என்பதைக்கூட முதலில் அங்கே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மண் வெட்டுகிறார்கள். அந்தப் பொறி காப்பாற்றிய ஊர்கள் பல. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஏரி வரம்பைத் தொடும் ஆண்டில் அவையோர் கூடி அந்த நிலைமையைப் பொறியில் மும்முறை ஆட வேண்டும், வென்ற ஆட்டமே மதகின் ஆணை, அரசரின் மோதிரம் தவிர வேறெதுவும் அதை மாற்றாது என்பதும் தங்கள் தந்தையார் வகுத்த வழக்கம்.

இம்முறை ஆடியவர் இளவரசர் சேந்தனார். தங்கள் மகனார் நன்றாகவே ஆடினார், குறை சொல்ல வாய் வராது. மேற்கு மதகைத் திறந்து பார்த்தார். அரண்மனைப் பாக்குத்தோப்பின் பொம்மை விழுந்து ஒரு மணி ஒலித்தது. இரண்டையும் பாதி பாதி திறந்து பார்த்தார். கீழூரில் மணி ஒலித்தது. கிழக்கு மதகை முழுக்கத் திறந்தார். கூடம் அமைதியாயிருந்தது. ஒரு மணிகூட இல்லை. மாலை சூட்டினார்கள்.

ஏன் ஒலிக்கவில்லை என்றால், மாதேவியாரே, எங்கள் சேரிக்குப் பொம்மை கிடையாது. பொறியையும் கூடத்தையும் கட்டக் கல் சுமக்கத் தெற்குச் சீமையிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள் நாங்கள். பரப்பில் ஊர்களைச் செதுக்கி முடித்த பிறகுதான் எங்கள் குடிசைகள் வந்தன. வேலை முடிந்தால் போய்விடுவோம் என்று நினைத்திருக்கலாம். நாங்கள் போகவில்லை. பிள்ளை பெற்றோம், செத்தவர்களைப் புதைத்தோம், முருங்கை வைத்தோம். பரப்பில் அந்த இடம் இன்னும் வழவழப்பான வெறும் மரமாகத்தான் இருக்கிறது.

ஆணை என் கைக்கு வந்ததும் சேரிக்கு ஓடினேன். என் மனைவி மாசாத்தி அழவில்லை. முருங்கைக் கிளை ஒன்றை முறித்து, அரிவாளால் குடிசை வடிவத்தில் ஒரு பொம்மை செதுக்கினாள். கூரை கொஞ்சம் கோணல். அதை மடியில் கட்டிக்கொண்டு, பெண்கள் பத்துப்பேரைச் சேர்த்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டக்கூடத்துக்குப் போனாள். இதற்குப் பிறகு அங்கே பேசியதை அவைமொழியில் திருப்பி எழுத எனக்குப் பழக்கமில்லை. காதில் விழுந்தபடியே எழுதுகிறேன், குற்றமெனில் பொறுக்க.

"இதையும் வெச்சு ஆடுங்க, சாமி," என்று இளவரசரிடம் பொம்மையை நீட்டினாள். "எங்க ஊரு இது."

கூடத்தின் தலைவி கொற்றியார் குறுக்கே வந்தார். அவரைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பொறியோடு வாழ்ந்து தலை நரைத்தவர், கெட்டவர் அல்லர். "அம்மா, அதுக்குக் குழி இல்லை. புதுசாத் துளைச்சா உருளை எல்லாத்தையும் மறுபடி வார்க்கணும். அடுத்த மழைக்குத்தான் ஆகும்," என்றார்.

"அடுத்த மழைக்கு எங்கள்ல யாரு இருப்பாங்க, தாயி?" என்றாள் மாசாத்தி.

இளவரசர் பொம்மையை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் இளகியதை நான் கண்டேன், பொய் சொல்லவில்லை. "வெச்சுத்தான் பார்ப்போமே," என்று சொல்லி, கிழக்கே வெறும் மரத்தின்மேல் அதை நிறுத்தினார். கிழக்கு மதகைத் திறந்தார். உருளைகள் சுழன்றன. எங்கள் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விழுந்துவிடு, விழுந்துவிடு என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தன் ஊர் மூழ்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டவன் நாட்டில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

பொம்மை விழவில்லை. குழி இல்லாதது எங்கே போய் விழும்? கோணல் கூரையோடு நின்ற இடத்திலேயே நின்றது.

அவையில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, உங்க ஊருக்கு ஒண்ணும் ஆகலை. ஜம்முனு நிக்குது," என்றார். இளவரசர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் மூச்சு இலேசானதைப் பார்த்தேன். அவர் நம்பிவிட்டார், மாதேவியாரே. பிறந்தது முதல் அந்தப் பொறி சொன்னதை நம்பி வளர்ந்தவர். கல்சுமந்தார் சேரிக்குச் சேதமில்லை, ஆடிப் பார்த்து அறியப்பட்டது என்று கூடத்துக் கணக்கர் அங்கேயே எழுதிவிட்டார். அதற்கு முன் எங்கள் சேரி யாருக்கும் தெரியாத ஊராக இருந்தது. இப்போது சேதமில்லாத ஊராகிவிட்டது. தெரியாத ஊரென்றால் வந்து பார் என்றாவது கூப்பிடலாம். சேதமில்லாத ஊரைப் பார்க்க யார் வருவார்?

மாசாத்தி மட்டும் நகரவில்லை. "மரப்பொம்மைக்கு மூச்சு முட்டுமாய்யா? எங்க பிள்ளைங்களுக்கு முட்டும்," என்றாள். காவலர் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் பரப்பிலிருந்து பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் கொற்றியாரைத் தனியே கண்டு காலில் விழுந்தேன். குழியில்லாத பொம்மை விழாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மெல்லச் சொன்னார்: "மேற்கைத் திறந்தா தண்ணி எங்க வரும்னு நீ யோசிச்சியா, வயிரா? தோப்பு மட்டுமா? இந்தக் கூடமும் போயிடும். இதுக்கும் பரப்புல பொம்மை கிடையாது. பொறி தன்னையே எண்ணலை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டக்கூடம், பற்சக்கரங்களைச் சுழற்ற நீர் வேண்டி, மேற்கு வாய்க்கால் ஓரத்தில் பள்ளத்தில் கட்டப்பட்டது. மேற்கு மதகு திறந்தால் முதலில் மூழ்குவது கணிப்பொறிதான்.

"இது போச்சுன்னா அடுத்த வெள்ளத்துல ஏழு ஏரிக்கும் யாரு வழி சொல்றது? எத்தனை ஊரு போகும்? அதையும் எண்ணணுமில்ல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமற்ற கேள்வி அல்ல. பதில் சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "அம்மா, பொறியைச் செஞ்ச கை இன்னும் செய்யும். கல்லு சுமந்த தோளு எங்ககிட்ட இருக்கு. நாங்க உசுரோட இருந்தா மறுபடி சுமப்போம்." இந்த ஓலை எழுத எழுத்தாணியும் ஏடும் கொடுத்தவர் அவர்தான். அதற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் தாங்கள் அறிய வேண்டும். எனக்குப் பொறிமேல் வெறுப்பில்லை. மதகுக்கு வருமுன் நான் அந்தக் கூடத்தின் அடியில் உருளைகளுக்கு எண்ணெய் இடுபவனாக இருந்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் எழுத்து பொறித்திருக்கும். மீசை நரைத்த வயதில், அவற்றைத் துடைத்துத் துடைத்து, மேலே ஆடுபவர்கள் அந்தச் சக்கரத்தைக் கூப்பிடும் பெயரோடு சேர்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். என் அப்பனுக்கும் அவன் அப்பனுக்கும் இல்லாத எழுத்தை எனக்குக் கொடுத்தது அந்தப் பொறி. அது கொடுத்த எழுத்தாலேயே அதை மூழ்கடியுங்கள் என்று இப்போது எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருந்தால் பொறுக்க.

இப்போதைய நிலைமை இது. உச்சிப்பொழுது. மழை விடவில்லை. வரம்பின் மேல் கல் மட்டும் வெளியே தெரிகிறது. பலகை தூக்கும் இரும்புக் கொக்கி என்னிடம் இருக்கிறது. காவலர்கள் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. வேறு கொக்கி கொண்டுவர ஆள் போயிருக்கிறது. அது வரும்வரை சேரியின் ஆண்கள் எல்லோரும் காவலரை மீறி ஏறிக் கிழக்கு மதகின் பலகைகள்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதி முடித்ததும் நானும் போய் உட்காருவேன். கரைமேல் ஏறிய குற்றத்துக்காகப் பின்னால் எந்தத் தண்டனையும் ஏற்போம். எங்களைத் தள்ளிவிட்டுப் பலகையைத் தூக்க அதிக நேரம் ஆகாது என்பதும் தெரியும். ஆணை மாறாமல் நாங்கள் உட்கார்ந்தே இருந்தாலும் கேடுதான், கரை உடைந்தால் கீழூரும் போகும். ஆகவே ஏதாவதொரு மதகு இன்று திறந்தே தீரவேண்டும். எது என்பதை மாற்ற நாட்டில் ஒரே ஒரு மோதிரம்தான் இருக்கிறது, அது தங்கள் விரலில் இருக்கிறது.

இளவரசரைத் தாங்கள் கடிந்துகொள்ள வேண்டாம். மணி ஒலித்திருந்தால் அவர் திறந்திருக்க மாட்டார். ஒலிக்காத மணியைக் கேட்க அவருக்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை.

ஓலை கொண்டுவரும் குதிரைக்காரர் நன்னன் எங்கள் சேரியில் பெண் எடுத்தவர். அவர் பிள்ளைகள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். வழியில் நிற்க மாட்டார். தாங்கள் ஆலோசிக்க அவையைக் கூட்டினால் பொழுது சாய்ந்துவிடும். புது ஓலை எழுதச் சொன்னாலும் நேரமாகும். அதனால் ஆணையையும் நானே எழுதிவிட்டேன். அடியவன் ஆணை எழுதுவது பெருங்குற்றம். தாங்கள் விரும்பாவிட்டால் இந்த ஏட்டின் கடைசித் துண்டை முறித்து எறிந்துவிடலாம். விரும்பினால் கீழே இடம் விட்டிருக்கிறேன். அரக்கும் நன்னன் கையில் இருக்கிறது. உருக்கி, மோதிரத்தை அழுத்தினால் போதும்.

எனக்கு முத்திரை இல்லை. மாசாத்தி பிடுங்கி வந்த பொம்மையின் அடிப்பக்கத்தை அரக்கில் அழுத்தி இந்த ஓலையை மூடுகிறேன். தாங்கள் உடைத்துப் பிரிக்கும் அந்த அரக்கில் தெரிவதே எங்கள் ஊர். இதற்கு முன் எந்தப் பரப்பிலும் அது பதிந்ததில்லை.

நீர் வழி அறிந்து போக. நாடு நிலைக்க.

ஆணை:
"கிழக்கு மதகு மூடியே இருக்க. மேற்கு மதகை முழுதும் திறக்க. ஆட்டக்கூடத்தில் உள்ளோர் உடனே வெளியேறுக. கல்சுமந்தார் சேரி மக்களைக் கரைமேல் ஏற்றிக்கொள்க. இது ஏழேரி நாட்டு அரசியின் சொல்."

மோதிரம் பதிய விட்ட இடம்: