இஸ்திரி மேசைக் கதை

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியதும் அடுத்த வரி வரவில்லை, பேனாவை மூடிவிட்டுப் போய்த் துணி காயப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அப்பா சுகம்தான், நானும் உடம்பளவில் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஆளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்டால் எனக்குப் போதவில்லை, உன் டாக்டர் வாயால் கேட்டால்தான் நம்புவேன். தபாலில் போட்டால் வந்து சேர நாளாகும் என்பதால் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவார். இதையெல்லாம் வாயால் சொல்லலாமே என்று கேட்காதே. வாயால் சொன்னால் நான் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன், நீயும் சரி சரி என்று போனை வைத்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருக்கிய தரையையே மூன்று தடவை பெருக்குகிறேன், தரை தேய்ந்துவிடப் போகிறது என்று அப்பா கிண்டல் செய்கிறார். எட்டாம் மாதம் பிறந்த கையோடு பிரஷர் ஏறியிருக்கிறது, வேலையை நிறுத்திவிட்டு ஓய்வெடு என்று டாக்டர் சொன்னதை, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். ஹோட்டல் ரிசப்ஷனில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, எட்டு மணி நேரம் நின்றால் செருப்பு வார் பதிந்து காலில் பள்ளம் விழுகிறது என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க அத்தை என்றார் பாவம். அதற்கு நீ அவரிடம் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "எங்கம்மா கடைசி நாள் வரைக்கும் இஸ்திரி மேசையில நின்னவங்க. எனக்கு மட்டும் என்னவாம்?" நான் பேசியிருக்க வேண்டியது அப்போதுதான். ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை.

கண்ணு, அந்த இஸ்திரி மேசைக் கதை பொய். சட்டை ஃபாக்டரியில் நிறைமாத வயிற்றோடு நின்றேன், வலி வந்த பிறகும் கையிலிருந்த சட்டையை முடித்து மாட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று நான் நூறு தடவை சொல்லி நீ கேட்டிருக்கிறாய். ஃபாக்டரியும் சட்டையும் நிஜம், மற்றதெல்லாம் நான் கட்டிவிட்டது. நடந்தது இதுதான். ஏழாம் மாதம் எனக்கு மூன்று நாளாகத் தலை பிளந்தது. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை, அப்பாவிடம்கூட. நான்காம் நாள் மேசை முன்னால் நிற்கும்போது கண்ணெதிரே பூச்சி பறந்தது, அப்புறம் இருட்டிக்கொண்டு வந்தது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன், மேலே சட்டை கருகுகிற வாசனை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் நின்னிருந்தா நீயும் இல்ல, குழந்தையும் இல்ல" என்றார்.

அதன்பிறகு இரண்டு வாரம் வார்டில், ஏழு வாரம் வீட்டில், ஆக ஒன்பது வாரம் படுத்தே கிடந்தேன். பெரும்பாலும் இடது பக்கமாக. எதிர்ச் சுவரில் எத்தனை விரிசல் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். அப்பா பஸ் டிப்போவிலிருந்து மத்தியானம் ஓடி வந்து சமைப்பார், ஒரு நாள் சோறு குழைந்திருக்கும், மறுநாள் வேகாமல் இருக்கும். கட்டில் ஓரத்தில் என் தலையைத் தொங்கவிட்டு, கீழே வாளியை வைத்துத் தலைக்கு ஊற்றிவிடுவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் கையிலிருந்த கிரீஸ் வாசனை என் தலைமுடியில் இருக்கும். நீ நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்துவிட்டாய், இரண்டு கிலோகூட இல்லை. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவசரக்காரி, அதனால்தான் சின்னதாகப் பிறந்தாய் என்று உன்னைச் சீண்டுவேனே, அதிலும் விஷயத்தை மறைத்துத்தான் சொன்னேன்.

ஏன் மறைத்தேன் என்றால் வெட்கம். நான் படுத்திருந்தபோது உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, நாங்க எல்லாம் பிள்ளை பெக்கலையா என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுபடி வேலைக்குப் போனபோது ஃபாக்டரியில் என்னைக் கட்டில்ராணி என்று கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் போய்விட்டது, ஆனால் மனசு அதிலேயே நின்றுவிட்டது. உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், அம்மா நீ என்ன பெரிசா செஞ்சிருக்கே என்று வந்து கேட்டாய். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ மேடையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய், எல்லோரும் கை தட்டினார்கள், தலைமை ஆசிரியை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் இருந்த அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் அவரும் தட்டினார். அதன்பிறகு எப்படித் திரும்ப எடுப்பது? உன் கண்ணில் நான் சின்னவளாகிவிடுவேனோ என்று பயம். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. அந்தக் கதையை நம்பித்தான் நீ நிற்கிறாய் என்றால் உன்னை அங்கே நிறுத்தி வைத்திருப்பது ஹோட்டல் முதலாளி இல்லை, நான்தான். நேற்று அப்பா சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார், "பதினெட்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ எழுதறியா, நான் சொல்லட்டுமா?" அதனால்தான் உட்கார்ந்தேன்.

இனி நான் சொல்வதைக் கேள். நாளைக்கு வேலைக்குப் போகாதே, ஹோட்டலில் லீவு கொடுக்க மாட்டோம் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மாப்பிள்ளை கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பிரஷர் மாத்திரையை நேரம் தவறாமல் போடு, தலைவலி என்று நீயாகக் கடையில் எதையும் வாங்கி விழுங்காதே. விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று உப்புவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் நல்லதாகப் போயிற்று என்று வீட்டுக்கு வா, கூச்சப்படாதே. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு பேருக்குச் சாப்பிடச் சொல் என்கிறார், அதையெல்லாம் காதில் வாங்காதே, உன் டாக்டர் சொல்கிறபடி சாப்பிடு. சமையல் மாப்பிள்ளை செய்யட்டும், வேகாத சோறு தின்று யாரும் கெட்டுப் போகவில்லை, நானே சாட்சி. குழாய் ஒழுகுகிறது, நிறுத்திவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை போனது. அப்பா வாசலில் போனோடு நிற்கிறார், அதனால் முடித்துவிடுகிறேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் படுத்துக்கொண்டு திட்டு. நீயும் உன் பிள்ளையும் குறையில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அது உன்னைவிடப் பிடிவாதமாகப் பிறந்து உன்னை ஆட்டிவைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் அன்பு. லீவு சொன்னதும் மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு,
ஒன்பது வாரம் படுத்துக் கிடந்து உன்னைப் பெற்ற
அம்மா