ஓமலூர் மணி

சங்ககிரி. ஆடி வெள்ளி, இரவு.

அவர் போனபிறகு இன்றைக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தோம். மகள் கவிதா வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். சாயங்காலம் அதிலிருந்து டிங் என்று ஒரு சத்தம். சற்று நேரம் விட்டு மறுபடியும்.

"எதுல இருந்து கத்துதுன்னே தெரியலம்மா" என்று எரிச்சல்பட்டாள். பிரவுசரில் இருந்த டேப்களை ஒவ்வொன்றாக மூடினாள். மிச்சமிருந்த ஒன்றை ம்யூட் செய்தும் நிற்கவில்லை. பிறகு செட்டிங்ஸுக்குள் போய், அறிவிப்பு அனுப்ப எந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று தேடினாள். லாரி எங்கே போகிறது என்று காட்டும் தளம் மட்டும் இருந்தது.

"அப்பா வெச்சதும்மா. வண்டி வீட்டுக்குத் திரும்பறப்ப ஓமலூர் தாண்டுனா, நாம பாக்கற வரைக்கும் அடிச்சுட்டே இருக்கும்."

லாரியைத்தான் மாசியிலேயே விற்றுத் தொலைத்தோமே. வாங்கியவர் ஜிபிஎஸ்ஸை இன்னும் மாற்றவில்லை போலிருக்கிறது. யாரோ ஒரு டிரைவர் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"நிறுத்திரட்டுமாம்மா?"

"நிறுத்திரு சாமி" என்றேன்.

நிறுத்தினாள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. முதல் டிங் கேட்டதுமே எழுந்து போய் அரிசி களைந்து வைத்திருக்கிறேன். அவர் இருந்தவரை அப்படித்தான். அந்த மணி அடித்ததும் அடுப்பைப் பற்றவைத்தால், அவர் லாரியை நிறுத்திவிட்டு வந்து கைகால் கழுவும்போது சோறு சூடாக இருக்கும்.

கவிதா மத்தியானச் சோற்றையே போட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

புதுச் சோற்றில் இப்போதுதான் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.