மாவட்டத்துக்கு ஓர் இடம்

ஆகஸ்ட் 22, 1993

ஃபெலிசியா,

நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் என்னுடையது. பேருந்து நிலையத்திலேயே சொல்லியிருப்பேன். அத்தை உன்னைக் கட்டிக்கொண்டு அழுததில் வாய் வரவில்லை.

மாநிலமே செலவு செய்து, தங்கவைத்து, அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். போன வருடம் டாக்டர் மகன் போனான், அதற்கு முந்தைய வருடம் வங்கி மேலாளர் மகள். முதல்முறையாக நம் தெருவுக்கு வந்தது; அதை நீ என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போனாய்.

ஊரில் எந்தப் பிரச்சினையைத் தீர்ப்பாய் என்று நேர்காணலில் கேட்டதற்கு, மீன் குளத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தானாகவே விளக்கெரியும் மிதவை என்று சொன்னாயே, அது யார் யோசித்தது? இரவெல்லாம் மீன் பண்ணையில் குளம் குளமாக வண்டி ஓட்டி, ஆக்சிஜன் மீட்டரை முக்கிப் பார்ப்பவர் என் அப்பா. அவர் தூங்கவேண்டும் என்று நான் யோசித்தது. காரில் போகும்போது உன்னிடம்தான் ஒத்திகை பார்த்தேன். பெயர் வரிசைப்படி உன்னை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு நான் போய் அதையே சொன்னேன். கண்ணாடி போட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதைத்தானேம்மா இப்ப ஒரு பொண்ணு சொல்லிட்டுப் போச்சு" என்றார்.

எங்கள் வீட்டில் தம்பிகள் இடம் விடுவதில்லை. அத்தை என்னை உன் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டாள். நன்றாகத் தூக்கம் வருகிறது.

உன் மாமா மகள்,
வெனிட்டா


செப்டம்பர் 19

வெனிட்டா,

திட்டி முடித்துவிட்டாயா? அந்த மிதவையை நாம் இருவரும் சேர்ந்துதானே பேசினோம். விளக்கு சிவப்பாக இருக்கவேண்டும் என்று சொன்னது நான்.

நீ பொறாமைப்படும் இடத்தைப் பற்றிக் கேள். முதல் இயற்பியல் தேர்வில் நாற்பத்தொன்று. நம் பள்ளியில் நான் வாங்கிய நூறெல்லாம் எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் அறைத்தோழி கடற்கரைப் பக்கத்துப் பல் டாக்டர் மகள், வெள்ளைக்காரப் பெண். என் சுருட்டை முடியைப் பார்த்து, "தொட்டுப் பார்க்கவா?" என்று கேட்டாள். இங்கே எல்லோரும் பள்ளிக்காக ஏதாவது வேலை செய்யவேண்டும். அவளுக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. எனக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு துடைக்கும் வேலை. சீட்டுக் குலுக்கிப் போட்டு வந்ததாம்.

புதன்கிழமை கெளுத்தி மீன் வறுவல் போட்டார்கள். அம்மா மீன் பதப்படுத்தும் பிளான்டில் நின்று அறுத்த மீனாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. சாப்பிடவில்லை.

விடுதியில் மாடிக்கு ஒரே தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்து பேசினால் அம்மா உன்னைப் பற்றியே சொல்கிறாள். வெனிட்டா பாத்திரம் கழுவினாள், சனிக்கிழமை வெனிட்டாவுக்குத் தலை பின்னிவிட்டேன். அது என் அம்மா, என் சனிக்கிழமை. தெரிந்துகொள்.

பேசாமல் வீட்டுக்கே வந்துவிடலாம் போலிருக்கிறது.

ஃபெலி


அக்டோபர் 3

அன்புள்ள ஃபெலி,

வந்துவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பள்ளியில் ஆலோசகர் பெட்டிகுரூ அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் யாராவது விலகினால் அந்த மாவட்டத்தின் அடுத்த பிள்ளையை எடுப்பார்களாம். நம் மாவட்டத்தின் அடுத்த பிள்ளை நான். "அவ கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, அடுத்த வாரமே நீ கிளம்பலாம்" என்றார். விடுமுறை தாண்டினால் அந்த இடம் யாருக்கும் இல்லை.

இங்கே வேதியியல் எடுப்பவர் கால்பந்துப் பயிற்சியாளர். சோதனைக்கூடத்தில் எரிவாயு நின்று பல வருடமாகிறது. கரும்பலகையில் ஒரு சுடர் வரைந்து, நீல நிறத்தில் எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். பசங்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ நாற்பத்தொன்று வாங்கி அழுகிறாய். எனக்குத் தொண்ணூற்றொன்பது கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்து என்ன செய்வது? பள்ளி முடிந்ததும் அத்தை பக்கத்தில் ரப்பர் காலணி போட்டு மீன் அறுக்கத்தான் அந்த மதிப்பெண்.

அத்தையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பாதியில திரும்பி வந்தான்னா நான் பிளான்ட்ல எப்படித் தலை நிமிர்ந்து நிக்கிறது? நீ சும்மா இருடி" என்றாள். ஆனால் உன்னைப் பார்த்தால் மாறிவிடுவாள். உன் கட்டில், உன் சனிக்கிழமை எல்லாம் அப்படியே திரும்பக் கிடைக்கும். நான் பெட்டி கட்டிவிட்டேன்.

அன்புடன்,
வெனி


அக்டோபர் 28

வெனி,

செப்டம்பரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம். வார்டன் சொன்னார். இரண்டாவது தேர்வில் அறுபத்தெட்டு வந்தது. அந்தப் பல் டாக்டர் மகளும் நானும் இப்போது ஒன்றாகத்தான் படிக்கிறோம். அவள் அவ்வளவு மோசமில்லை.

ஒரு விஷயம். கோபப்படாதே. ஆண்டுத் திட்டம் ஒன்று எல்லோரும் செய்யவேண்டும். நான் மிதவையை எடுத்திருக்கிறேன். ஆசிரியருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பற்றவைக்க, அளந்து பார்க்க எல்லாக் கருவியும் இங்கே இருக்கிறது. முதல் மாதிரியின் விளக்கு தண்ணீர்த் தொட்டியில் எரிந்தது, வெனி. எங்கள் மேசையைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றார்கள்.

மாமா எடுக்கும் அளவுகள் வேண்டும். எந்தக் குளம், எந்த நேரம், எவ்வளவு ஆக்சிஜன். அவரிடம் கேட்டு அனுப்புகிறாயா? உன் கையெழுத்துதான் புரிகிற மாதிரி இருக்கும்.

என் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாயாமே. கை நீண்டுவிடும். போடாதே.

ஃபெலிசியா


நவம்பர் 7

ஃபெலிசியா,

அளவுகள் அனுப்பமாட்டேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலை முடிந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "நம்ம பிள்ளைதானே செய்யுது, யார் செஞ்சா என்ன?" என்றார். அவர் அப்படித்தான். நான் அப்படியில்லை.

உனக்குக் கொடுத்த சாலிடரிங் கருவியை என் கையில் கொடுத்திருந்தால் நானும் அந்த விளக்கை எரியவைத்திருப்பேன். அதுதான் என் வயிற்றெரிச்சல். நீ கெட்டிக்காரி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் ஒருத்திக்குத்தான் மூளை இருக்கும் என்று எவனோ மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். நீயும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாய்.

வரப்போகிறாயா, இல்லையா? வரவில்லையென்றால், அந்த மிதவை வெனிட்டா யோசித்தது என்று உன் ஆசிரியரிடம் சொல். அதில் என் பெயரையும் எழுது. இரண்டில் ஒன்று செய். விடுமுறைக்கு முன் பதில் போடு.

வெனிட்டா


டிசம்பர் 12

ஃபெலிசியா,

விடுமுறை வந்து போய்விட்டது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை உன் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அத்தைக்கு எழுதியிருக்கிறாய். எனக்கு இல்லை. அந்தக் கடிதத்தை அவள் பிளான்டுக்கு எடுத்துப் போய், அறுப்பு வரிசையில் நின்ற எல்லோருக்கும் படித்துக் காட்டினாளாம். உன் மிதவையைத் தலைநகர்க் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாமே. ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்துக் கூடமாம். மிதவைக்கு முன்னால் ஒரு பலகை, அதில் செய்தவர் பெயர் இருக்குமாம்.

அத்தை திரும்பத் திரும்பப் படித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். நீ ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பலகையில் யார் பெயர் இருக்கிறது? எழுது.

வெனிட்டா