ஏழாம் மாதத்து வடு

2026 பெப்ரவரி 3, செவ்வாய்

வெள்ளவத்தையில் மகள் வீட்டுக்குப் போய் வந்தேன். பேரன் மிதுஷனுக்கு அடுத்த வியாழன் எம்.ஆர்.ஐ. மூளைப் படம். பிள்ளையை மயக்குவதற்கு உஷாந்தி பயப்படுகிறாள். வலக்கையும் வலக்காலும் ஏன் இப்படி இறுகிக் கிடக்கின்றன என்று தெரியத்தான் வேண்டும் என்றேன். எனக்குத் தெரியும். பிரசவத்தன்று அந்த ஆஸ்பத்திரி ஒப்பரேஷனைத் தாமதித்தது. நாலு வருஷமாக முறைப்பாடு எழுதுகிறேன். ஒழுங்கான பதில் இல்லை. படம் வரட்டும்.

பெப்ரவரி 12

எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்ததும் பையன் தின்ன ரோல்ஸ் கேட்டான்.

பெப்ரவரி 17

டொக்டர் மர்லியா திரையில் காட்டினார். மூளையின் இடப்பக்கம் ஒரு வடு. படத்தில் அது வலப்பக்கமாகத் தெரியும். நானாகப் படித்து அறிந்ததுதான். சின்ன நாளம் ஒன்று அடைபட்டிருக்கிறது. பிரசவத்தில் அல்ல, வயிற்றில், ஏழாம் மாதமளவில். பிறக்கும்போது மூச்சு முட்டிய பிள்ளையின் படம் வேறு மாதிரி இருக்குமாம்.

நான் விடவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

"ஏழாம் மாசமோ?" என்று மட்டும் உஷாந்தி கேட்டாள்.

பெப்ரவரி 18

ஏழாம் மாதம். உஷாந்திக்கு அந்த மாதம் நடக்கும்போதுதான் என் மனைவி காலமானாள். மருமகனின் தாய் கௌரிக்கு இது போதாதா? போனில் சொல்கிறார்: "வயித்துப்பிள்ளையோட செத்தவீட்டுக்குப் போகப்படாது எண்டு அப்பவே சொன்னனான், அண்ணை. நீங்கள்தான் கேக்கேல்லை."

பெற்ற தாய்க்கு ஒரே மகள் போகாமல் வேறு யார் போவது? நான்தான் வரச் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

பெப்ரவரி 21

உஷாந்தி சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டேன். "அம்மாவைக் கடைசியா ஒருக்காத் தொட்டனான், அப்பா. அப்பதானோ?"

நாலு வருஷமாக இதுதான் மனதில் கிடந்ததாம். படம் வந்து உறுதிப்படுத்திவிட்டதாம்.

மருத்துவப் புத்தகங்களில் தேடினேன். செத்தவீடு என்று எந்தப் புத்தகத்தில் போடுவான்?

மார்ச் 5

வரமாட்டேன் என்ற கௌரியையும் இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனோம். நேரே கேட்டேன்: "செத்தவீட்டுக்குப் போனால் வயித்துப் பிள்ளைக்கு மூளையில நாளம் அடைபடுமோ?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உஷாந்தியைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல. நீங்க போனதால இல்ல, அழுததால இல்ல, தொட்டதாலயும் இல்ல. எப்ப நடந்ததெண்டு படம் காட்டும். ஏனெண்டு காட்டாது."

"துடக்கு, தீட்டு எண்டு ஒண்டு இருக்குத்தானே, டொக்டர் பிள்ளை?" என்றார் கௌரி.

"அது ரத்தக் குழாய்க்குத் தெரியாது, அம்மா."

திரும்பும்போது த்ரீவீலில் உஷாந்தி அழுதபடியே வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7

முறைப்பாட்டை வாபஸ் வாங்கட்டாம், மருமகன் திலக்ஷன் சொல்கிறான். மாட்டேன். வடு எப்போது வந்தாலும், வலியோடு நின்றவளைக் காக்க வைத்தது வைத்ததுதான். அது படத்தில் விழாது.

மார்ச் 19

மனைவியின் திவசம். முந்திய மூன்றுக்கும் உஷாந்தி ஏதேதோ சாட்டுச் சொல்லி வராமல் விட்டவள். இன்று விடியவே கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு வந்து சமைத்தாள். கௌரியும் வந்து வாழைக்காய் வெட்டினார்.

உஷாந்தி தாயின் போட்டோவுக்குப் பூப்போட மகனைத் தூக்கினாள். அவன் இடக்கையை நீட்டினான்.

"சோத்துக்கையால போடு, அப்பன்," என்றார் கௌரி.

"எந்தக் கையெண்டாலும் அம்மம்மா வாங்குவா, மாமி."

அம்மம்மா என்ற சொல்லை அவள் பிள்ளைக்கு முன் சொல்லி இன்றுதான் கேட்டேன்.