சமையலறை முடிந்ததும் எழுது

கிரீன் பே, விஸ்கான்சின்
செப்டம்பர் 14

அன்புள்ள வெண்டெல்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மழை. அக்கா டெலோரிஸ் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கைத்தடி பிடித்து நடக்கிறாள். நடப்பதைவிட என்னை விரட்டுவதுதான் அதிகம்.

நேற்று நாம் ஃபோனில் பேசியது உனக்கே நன்றாக இருந்திருக்காது. "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து, மூச்சு விடுவதற்குள் சண்டையில் வந்து நின்றோம். இனி எழுதிக்கொள்வோம். கடிதத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது. நடுவில் நீ ரம்பத்தையும் ஓடவிட முடியாது.

அக்காவுக்கு உதவியாகப் போகிறேன் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தேன். அது பாதி உண்மை என்று உனக்குத் தெரியும். மீதி உண்மை அந்த வியாழக்கிழமை. சமையலறையை நீ பிரித்துப் போட்டு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டுப் பாத்திரம் கழுவினேன். காபிக்குக் குளியலறை வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்தேன். முணுமுணுக்கவில்லை என்று சொல்லமாட்டேன், முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன். அன்றைக்குக் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அந்த வாஷ்பேசினும் கழற்றி நடையில் கிடக்கிறது. "தண்ணியத்தான் மூடியாச்சே, அதான் இதையும் சேத்து மாத்திரலாம்னு. ரெண்டு நாள் வேலை, மார்லிஸ்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் மாடிக்குப் போய்ப் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

கோபம் இல்லை, வெண்டெல். அலுப்பு. பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு முட்டை வேகவைக்க இடமில்லை.

சமையலறை முடிந்ததும் எழுது. வருகிறேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதே.

உன்
மார்லிஸ்

•

எஸ்கனாபா, மிச்சிகன்
செப்டம்பர் 29

அன்புள்ள மார்லிஸ்,

மாத்திரை போட்டுக்கொள்கிறேன். மீன்பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் சின்ன கேஸ் அடுப்பில் முட்டை பொரித்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் கடைத்தெருவில் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ஒன்று வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் நல்ல சேதி. வாஷ்பேசினைத் திரும்ப மாட்டிவிட்டேன். வெந்நீர் வரவேண்டிய பக்கம் பச்சைத் தண்ணீரும், பச்சைத் தண்ணீர்ப் பக்கம் வெந்நீரும் வருகிறது. பழகிக்கொள்ளலாம்.

மற்றது அவ்வளவு நல்ல சேதி இல்லை. பழைய சிங்க் இருந்த இடத்தில் தரைப்பலகையைப் பெயர்த்தேன். கீழே தாங்கிக்கொண்டிருந்த கட்டை, ஈரக் கேக் மாதிரி கையோடு வருகிறது. எத்தனை வருஷமாகக் கசிந்துகொண்டிருந்ததோ. இதன் மேல் நின்றுதான் தினமும் காபி குடித்திருக்கிறோம். நிலவறையிலிருந்து ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறேன். இத்தனை வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளைத் தூக்கி ரிப்பேர் பார்த்த கை, இதையும் தூக்கிவிடும்.

பக்கத்து வீட்டு வெர்ன் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்ப்பா, வீட்டக் கட்டுறியா, இடிக்கிறியா? ஒண்ணச் சொல்லிட்டுச் செய்யி" என்றான். "ரெண்டும்தான்" என்றேன். "மார்லிஸ் எப்ப வர்றா?" என்றான். "அவ அக்காவுக்கு முடியல" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்தான்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மகள் ஹெய்டி டென்வரிலிருந்து வருவதாகச் சொன்னாள். அதற்குள் முடித்துவிடுவேன். வான்கோழி நம் வீட்டில்தான்.

உன்
வெண்டெல்

•

கிரீன் பே
அக்டோபர் 20

அன்புள்ள வெண்டெல்,

தரை இறங்கியது உன் தவறு இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறாயா? நீ எதைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று உளுத்திருக்கிறது. இதெல்லாம் எப்படித் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? மேல் அலமாரியில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றுதான் நான் சொன்னேன். ஒரே ஒரு கதவு.

இங்கே காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் வருகிறது. இதைப் போய் ஒரு சேதியாக எழுதுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதல் வாரம் பாத்திரம் கழுவிவிட்டு, வேண்டுமென்றே அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே அக்கா புருஷன் ரான் இலை வாரிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கவில்லை.

அக்காவின் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "உம் புருஷன் கட்டுறது வீடு இல்லடி. ஒளிஞ்சிக்க ஒரு எடம்" என்றாள். "எங்கிட்டருந்து ஒளிஞ்சிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். "அத அவங்கிட்டக் கேளு" என்றாள். கேட்கவில்லை. ஆனால் நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் பக்கத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிறாய். பார்த்தால் எழுந்துவிடுகிறாய்.

ஓர் ஆளை வைத்துச் செய்யேன். அவமானம் ஒன்றும் இல்லை.

உன்
மார்லிஸ்

•

எஸ்கனாபா
நவம்பர் 23

மார்லிஸ்,

தேங்க்ஸ்கிவிங்குக்கு முடியாது. நீயே ஊகித்திருப்பாய். ஹெய்டியிடம் சொன்னேன். "பரவால்லப்பா, நாங்க பெரியம்மா வீட்டுலயே சாப்புட்டுக்கறோம். அம்மா அங்கதான இருக்காங்க" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு ஒரு சுத்தியலை எடுத்து, எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

ஆளை வை என்கிறாய். இந்த ஊரில் எந்தப் பேருந்து ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போய் என் வீட்டு அலமாரியை மாட்ட இன்னொருவனைக் கூப்பிடுவதா? பல்பு மாற்றக்கூட ஆள் தேடும் ரான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு உனக்கு இதெல்லாம் சுலபமாகத் தெரியலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. மான் வேட்டைக்கு ஊரே காட்டுக்குப் போயிற்று, நான் போகவில்லை. அளக்கிறேன், அறுக்கிறேன், வைத்துப் பார்த்தால் விரற்கடை குறைகிறது. சரிக்கட்ட இடுக்கில் ஒரு மரச் சக்கை வைக்கிறேன். அது நிற்க இன்னொரு சக்கை. குழாய்க்குத் தேவையான இணைப்புக்காக ஹார்ட்வேர் கடைக்கு ஒரே நாளில் திரும்பத் திரும்பப் போனேன். கடைசியில் அந்தக் கடைக்காரப் பெண், "மறுபடியுமா, மிஸ்டர் கின்னுனென்?" என்று சிரித்தாள். நல்ல மனசோடுதான் சிரித்தாள். வண்டிக்கு வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்தினேன்.

உன் அக்கா சொன்னது சரியா என்று தெரியவில்லை. நான் ஒளியவில்லை. வேலை முடிந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அது ஒளிவதாகுமா?

கடுமையாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். தெம்பு இல்லை.

வெண்டெல்

•

கிரீன் பே
டிசம்பர் 9

அன்புள்ள வெண்டெல்,

செவ்வாய்க்கிழமை நான் அங்கே வந்திருந்தேன்.

என் கம்பளிக் கோட்டும் பூட்ஸும் எடுக்க வந்தேன். தட்டினேன், நீ திறக்கவில்லை. என் சாவியால் திறந்தேன். சமையலறையில் தோட்டத்து மடக்கு நாற்காலியைப் போட்டு, கோட்டும் தொப்பியுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். ஜன்னல் எடுத்த ஓட்டையில் நீ அடித்திருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் உப்பி உப்பி அடங்கியது. கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உன் விரலில் வெட்டுக்காயம். அதைச் சுற்றி, கரண்டு வேலைக்கு ஒட்டும் கறுப்பு டேப்.

அடுப்பை அணைத்தேன். மாடியிலிருந்து போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். யார் போர்த்தியது என்று நீ யோசித்திருப்பாய். அல்லது யோசித்திருக்கமாட்டாய்.

உன்னை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இங்க பாரு மார்லிஸ், இங்க அலமாரி வரும், இந்தப் பக்கம் வெளிச்சம் வரும்" என்று காட்ட ஆரம்பித்திருப்பாய். நான் தலையாட்டியிருப்பேன். அன்றைக்குத் தலையாட்ட எனக்கு முடியவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பனி வலுப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

ஓர் ஆளைக் கூப்பிடு. வெர்ன் என்ன சொல்வான் என்பதை விடு. எனக்காகவும் வேண்டாம். அந்த விரலுக்காகக் கூப்பிடு. எரிகிற அடுப்பை வைத்துக்கொண்டு இனிமேல் தூங்காதே.

மார்லிஸ்

•

எஸ்கனாபா
ஜனவரி 26

அன்புள்ள மார்லிஸ்,

முடிந்தது.

பண்டிகை கழிந்ததும் தச்சு வேலை செய்யும் ஒருத்தியைக் கூப்பிட்டேன். பெயர் ட்ரேசி. நம் ஹெய்டி வயதுதான் இருக்கும். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தாள். நான் வைத்த சக்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "யாருங்க இந்த வேலையப் பாத்தது?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க" என்றேன்.

எப்படி அது வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஹெய்டி பிறப்பதற்கு முன்பிருந்து இந்த வீட்டில் இருக்கிறோம். ட்ரேசி அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "பாவம், ரொம்ப கஷ்டப்பட்டிருக்காரு அந்த மனுஷன்" என்றாள். நிலவறைக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "கீழ கட்டைய நிமித்தி முட்டுக் குடுத்திருக்காரு பாருங்க, அது மட்டும் நல்ல வேலை. அது இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுத்துரணும்" என்றாள். நான் வெளியே போய்ப் பனி வாரினேன். நம் வாசலை முடித்து வெர்ன் வாசலையும் வாரிவிட்டேன். "உனக்கு என்னப்பா ஆச்சு?" என்றான். "ஒண்ணும் ஆகல. ஆள் வச்சிட்டேன்" என்றேன். அவன் கேலி செய்யவில்லை. "நானும்தான் போன வருஷம் குளியலறைக்கு வச்சேன். வேலை பாத்தது எம் மச்சான்னு உங்கிட்டச் சொன்னேனே, அவன் மச்சான் இல்ல" என்றான்.

இரண்டு வாரத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. அலமாரி, ஜன்னல், அடுப்பு. கதவெல்லாம் மூடுகிறது. நீ கேட்ட வெளிர்மஞ்சள்தான் சுவருக்கு. அவர்கள் போனபின் புதுச் சிங்கில் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது, போயிற்று. அவ்வளவுதான். நிலவறையில் மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கினேன். எது எந்த அலமாரித் தட்டில் இருந்தது என்று மறந்துவிட்டது. நீ வந்து மாற்றிக்கொள்.

சமையலறை முடிந்ததும் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். சாலையில் பனியை ஒதுக்கியிருக்கிறார்கள். நீ வண்டி ஓட்ட வேண்டாம், சொன்னால் நானே வந்து கூட்டிவருகிறேன்.

உன்
வெண்டெல்

•

கிரீன் பே
பிப்ரவரி 17

அன்புள்ள வெண்டெல்,

உன் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "முன்னாடி இருந்தவங்க" வந்ததும் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இடுப்பு வலிக்கிறது நிறுத்து என்று அக்கா கத்தினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, எப்பக் கிளம்புறே?" என்றாள்.

எழுந்து என் அறைக்குப் போனேன்.

பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தேன். காலையில் அடுக்கலாம் என்றேன். காலையில் சாயங்காலம் என்றேன். அது வாயைத் திறந்தபடி பாதிக் கட்டிலில் கிடந்தது. மீதிப் பாதியில் நான் தூங்கினேன். அப்படியே பல நாள். சிங்க் இல்லாததால்தான் வராமல் இருக்கிறேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன், வெண்டெல். உன்னை ஏமாற்றவில்லை. எனக்கே தெரியாது. இப்போது சிங்க் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மஞ்சள் சுவர் இருக்கிறது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதனால் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் வரவில்லை.

வேறு யாரும் இல்லை. கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் வந்திருப்பேன். சண்டை போட்டுவிட்டுச் சமைத்திருப்பேன். என்னிடம் காத்திருக்கும் தெம்பு தீர்ந்தபோது, அதோடு சேர்ந்து வேறெதுவோ தீர்ந்துவிட்டது. இப்போது தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

ஆற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சின்னச் சமையலறையும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இங்கே ஒரு சர்ச்சில் வாரத்தில் சில நாள் வயதானவர்களுக்குச் சாப்பாடு செய்கிறார்கள், அங்கே சேர்ந்துகொண்டேன். வீட்டை என்ன செய்வது என்பதை நீயே முடிவு செய். நான் எதற்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ தூங்கியதைப் பார்த்தேனே, அந்த முகத்தின்மேல் எனக்கு அன்பு இருந்தது. அது பொய் இல்லை. அது போதவில்லை, அவ்வளவுதான்.

மார்லிஸ்

•

எஸ்கனாபா
மே 11

அன்புள்ள மார்லிஸ்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. நான் தொடங்கி முடிக்காமல் வைத்தவற்றில் இதையும் சேர்த்துக்கொள்.

முதல் மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். கோபத்தில் எதையாவது பிரிக்கலாம் என்று வீடெல்லாம் சுற்றினேன். எதையும் பிரிக்கவில்லை. பிறகு சாயங்காலங்களில் சமையலறை மேசையில் வெறுமனே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சிரமமாக இருந்தது. இப்போது கொஞ்ச நேரம் முடிகிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருக்கவேண்டிய பழக்கம்.

வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். எனக்கு ஏரிப் பக்கம் ஒரு வாடகை இடம் கிடைத்திருக்கிறது. எது உடைந்தாலும் வீட்டுக்காரரைக் கூப்பிடவேண்டும், நான் கை வைக்கக்கூடாது. ஹெய்டி அதைக் கேட்டுச் சிரித்தாள்.

நேற்று ஒரு இளம் ஜோடி வீட்டைப் பார்க்க வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. கையைக் கோத்துக்கொண்டே அறை அறையாகப் பார்த்தார்கள். சமையலறைக்கு வந்ததும் அந்தப் பெண் ஜன்னலருகே நின்றாள். வெயில் நன்றாக விழுந்தது. ட்ரேசியின் வேலையைப் பாராட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இந்தச் செவர எடுத்துட்டா, ஹால் வரைக்கும் ஒரே வெளிச்சமா இருக்கும்ல?" என்றாள் அவனிடம்.

"எடுத்துரலாம். நாமளே எடுத்துரலாம். ரெண்டு வார வேலை" என்றான் அவன்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அவர்களுக்கு என்ன சொல்வது? நாமும் யார் சொன்னால் கேட்டிருப்போம்?

அவர்கள் கிளம்பும்போது வாசலில் அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். "மொதல்ல பாத்திரம் கழுவ ஒரு எடம் பாத்து வச்சிக்கோம்மா. அப்புறம் எத வேணா இடிங்க."

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் திரும்பவும் உள்ளே போயிருந்தான். சுவரில் காதை வைத்து, விரல்முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீடு அவர்களுக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். காகிதங்கள் வந்ததும் அனுப்புகிறேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவசரம் ஒன்றும் இல்லை.

வெண்டெல்