டிரையருக்குள் இருக்கும் பழைய புரோகிராம்

செவ்வாய் இரவு. சாரல் இன்னும் விடவில்லை.

இன்றைக்கு மீட்டிங்கில் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் வருத்தமில்லை. தூக்கம்தான் வரவில்லை.

காப்பிக்கொட்டை காயவைக்கும் டிரையர்களில் ஓடும் புரோகிராம்களெல்லாம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எங்கள் லைப்ரரியை, எழுதிய கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் புதுசுக்கு மாற்றுகிறோம். அந்தச் சாக்கில், உள்ளே தகவல்களை அடுக்கியிருக்கும் வரிசையையும் மாற்றச் சொல்கிறார் டீம் லீட் பிரபாகர். வேகம் கூடும், நிஜம்தான். ஆனால் அப்டேட் தானாகப் போய் இறங்கியதும், பழைய கம்பைலரில் செய்த புரோகிராம்கள் சூட்டைப் படிக்க வேண்டிய இடத்தில் ஈரப்பதத்தைப் படிக்கும். எர்ரர்கூட வராது. கொட்டை கருகின பிறகுதான் தெரியும்.

"எல்லாரும் திரும்ப கம்பைல் பண்ணிக்கட்டும்" என்றார்.

"மாரமங்கலம் எஸ்டேட்ல ஓடுற புரோகிராமுக்கு சோர்ஸ் கோடே இல்லீங்க. எழுதின கம்பெனியையே மூடிட்டாங்க. எதை வெச்சு கம்பைல் பண்றது?"

"ஒரு எஸ்டேட்டுக்காக எல்லாரும் காத்திருக்கணுமா?"

"புது வரிசையைப் புதுப் பேர்ல தனியா சேர்த்துக்கோங்க. பழசு இருந்த இடத்துலயே இருக்கட்டும். இதை நான் அப்ரூவ் பண்ண மாட்டேங்க."

வேறு ஆளை வைத்து அப்ரூவல் வாங்கிக்கொள்வாராம். வாங்கட்டும். ஏன் கூடாது என்று அந்த மாற்றத்துக்குக் கீழேயே என் பேரோடு எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர் அதைப் படிக்காமல் தாண்ட முடியாது.

சாயங்காலம் மாரமங்கலம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் போன் செய்தார். அதற்குள் ஏதாவது கருகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க, அப்டேட்டு அப்டேட்டுன்னு வந்துட்டே இருக்குது. இங்க மெஷின்ல ஒண்ணுமே மாறலீங்களே?"

"மாறாதுங்க" என்றேன். "நான் இருக்கற வரைக்கும் மாறாது."